மருத்துவமனையா, புகார்க் குழுவா, காவல் நிலையமா: எந்தக் கதவு முதலில் மூடுகிறது?

விடுதி மாணவி ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு மேல் ஆசிரியருக்குத் தொலைபேசியில் அழைக்கிறாள் என்றால் நல்ல செய்தியாக இருக்க வாய்ப்பில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. பேசியவள், பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு மாணவியின் அறைத்தோழி. “மேம், முதல்ல ஹாஸ்பிடலா, போலீஸா, இல்ல வார்டன்கிட்ட சொல்லணுமா?” என்று கேட்டாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பாதிக்கப்பட்டவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் யாரென்று எவரும் ஊகிக்க முடியாத அளவுக்கு மட்டுமே இங்கே சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு அன்றிரவு நான் தட்டுத்தடுமாறிச் சொன்ன விடையைவிடத் தெளிவான விடை இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை ஒரு படிக்கட்டைப் போன்றது. முதலில் வார்டன், பிறகு துறைத் தலைவர், அதன்பின் புகார்க் குழு, எதுவும் சரிப்படாவிட்டால் கடைசியாகக் காவல் நிலையம் என்று அது ஏறிக்கொண்டே போகும். காயம் கண்ணுக்குத் தெரிந்தாலொழிய மருத்துவமனை இதில் இடம்பெறுவதே இல்லை. விஷயம் எவ்வளவு வெளியே தெரியும் என்ற அச்சத்தை அளவுகோலாக வைத்துப் போட்ட வரிசை இது. எந்த வழி எத்தனை நாளில் அடைபடுகிறது, அதில் நுழைந்த பிறகு கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் அளவுகோலாக வைத்தால் வரிசை ஏறக்குறையத் தலைகீழாகிவிடுகிறது.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் வயதைக் கேட்டுவிட வேண்டும். முதலாமாண்டில் சேரும் பிள்ளைகளில் பதினேழு வயதுக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். பதினெட்டு நிறையாதவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். அச்சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும், ஆசிரியரோ வார்டனோ யாராக இருந்தாலும், காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். இதை அறியாமல் “உன் விருப்பம் இல்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சிறுமி ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் அதை மீறும் ஆசிரியர், அவளுக்கு இரண்டாவது அடியைக் கொடுத்தவராகிறார். இனி நான் சொல்வதெல்லாம் வயது வந்த மாணவிகளைப் பற்றியது.

எல்லாவற்றிலும் வேகமாக மூடும் கதவு மருத்துவமனையுடையது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. அவசரக் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்ல பலன் தரும், அதிகபட்சம் ஐந்து நாட்கள் வரை முயலலாம். உடலிலிருந்து எடுக்கும் தடய மாதிரிகளுக்கு, மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் 96 மணி நேரத்தை எல்லையாக வைக்கின்றன. குளித்துவிட்டாலும் துணியைத் துவைத்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். எல்லாத் தடயமும் தண்ணீரோடு போய்விடுவதில்லை, மருந்தின் தேவையோ சற்றும் குறைவதில்லை. உடுத்தியிருந்த துணிகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் புழுங்கித் தடயம் கெட்டுவிடும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்பதைப் பற்றிய பயம்தான் பலரைத் தடுக்கிறது என்பதால் அங்கே அவளுக்கு உள்ள உரிமைகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, கட்டணமின்றி முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்குத் தண்டனை உண்டு. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் சம்மதம் வேண்டும். சிலவற்றுக்குச் சம்மதித்துச் சிலவற்றை மறுக்கவும் செய்யலாம். பெண்ணுறுப்புக்குள் விரல்களைச் செலுத்திப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை என்ற அவமானத்தை உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்தது. 2022 அக்டோபரில், இனி அதைச் செய்பவர் நன்னடத்தை தவறிய குற்றத்துக்கு ஆளாவார் என்றும் தீர்ப்பளித்தது.

இந்த வழியில் ஒரு முள் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதே 397ஆம் பிரிவு, மருத்துவமனை உடனே காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே மருத்துவமனைக்குப் போவது முழுக்க முழுக்க ரகசியமான செயல் ஆகாது. ஆனால் புகார் கொடுக்க விரும்பவில்லை என்று அவள் சொன்னால் அதை எழுத்தில் பதிவு செய்துகொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பது மேற்சொன்ன நெறிமுறைகளின் நிலைப்பாடு. இந்த உண்மையை ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வார்டு வாசலில் காக்கிச் சட்டையைப் பார்த்து அவள் திடுக்கிடும்படி விட்டுவிட்டால், அதன்பின் உடன் வந்தவரின் எந்தச் சொல்லையும் அவள் நம்ப மாட்டாள்.

இரண்டாவது வழி கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கெனத் தனி விதிமுறைகளை வகுத்து 2016 மே மாதம் அரசிதழில் வெளியிட்டது. குழுவின் தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும், மாணவர் தொடர்பான புகாரில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவப் பிரதிநிதிகள் அமர வேண்டும், துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராகக் கூடாது என்றெல்லாம் விதி தெளிவாக இருக்கிறது. நடைமுறையில் பல கல்லூரிகளில் குழு என்பது அறிவிப்புப் பலகையில் வெயில் பட்டு மங்கிப்போன ஒரு தாளாகவே இருக்கிறது. வெளி உறுப்பினர் யாரென்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். புகார் எழுதுவதற்கு முன் குழுவின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது எளிய வேலை. கிடைக்கும் விடையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

காவல் துறையால் செய்ய முடியாத சிலவற்றைப் புகார்க் குழுவால் செய்ய முடியும் என்பதே இந்த வழியின் பெரிய பலம். விசாரணை முடியும் முன்பே, எதிர்த்தரப்பு மாணவனை வேறு பிரிவுக்கு மாற்றவும், வளாகத்துக்குள் நுழையத் தடை விதிக்கவும், அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு அளிக்கவும், குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியர் என்றால் அவளுடைய விடைத்தாளைத் திருத்தவோ மதிப்பெண் இடவோ கூடாது என்று தடுக்கவும் குழு பரிந்துரைக்கலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் அன்றாடத்தில் இவை சின்ன விஷயங்களே அல்ல. காலையில் ஆய்வகத்தில் அவனுக்கு எதிர் மேசையில் நின்று அமிலத்தை அளந்து ஊற்ற வேண்டியிருப்பவளுக்கு, ஐந்தாண்டு கழித்து வரக்கூடிய தீர்ப்பைவிட அடுத்த திங்கட்கிழமை அந்த மேசை காலியாக இருப்பது முக்கியம். மேலும் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணத்தைக் குற்றவியல் நீதிமன்றம் கேட்கும். நடந்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்ற அளவில் திருப்தி அடைந்தால் குழுவுக்குப் போதும்.

விலையும் உண்டு. அவள் எழுதித் தரும் புகாரின் நகல் ஏழு நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்கு அனுப்பப்படும். அவன் பத்து நாட்களுக்குள் பதில் தருவான். தன் எழுத்தை அவன் படிக்கப்போகிறான் என்பதைப் பல மாணவிகள் விசாரணை தொடங்கிய பிறகே அறிகிறார்கள். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். குழு விதிக்கச் சொல்லக்கூடிய உச்சத் தண்டனை கல்லூரியிலிருந்து நீக்குவதுதான். அந்தத் தண்டனையும் நிலைக்க வேண்டுமானால் விசாரணை முறையாக நடந்திருக்க வேண்டும். கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் மாணவிகள் அளித்த புகாரின் பேரில் துறைத் தலைவர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். குழு அவசர அவசரமாக விசாரித்து அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று சொல்லி 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடக்கத்துக்கு வந்த அந்த மாணவிகளின் மனநிலையை நினைத்துப் பார்க்கலாம். எனவே “சீக்கிரம் முடித்துவிடுகிறோம்” என்று குழு சொன்னால் அதை உதவியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த வழியைப் பற்றிய மிகப் பெரிய தவறான எண்ணம், இது எப்போதும் திறந்திருக்கும் என்பது. சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இடமில்லை. கொல்கத்தாவின் தேசிய சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது ஆசிரியை ஒருவர் கொடுத்த புகார், கடைசிச் சம்பவம் நடந்தது 2023 ஏப்ரலில், புகார் தரப்பட்டது அதே ஆண்டு டிசம்பரில் என்ற காரணத்தால் காலம் கடந்ததாக உச்ச நீதிமன்றத்தில் 2025 செப்டம்பரில் முடிவுற்றது. அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தம் தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று நீதிபதிகள் விசித்திரமான ஓர் உத்தரவும் போட்டார்கள். ஆனால் கதவு திறக்கவில்லை. முதலாமாண்டில் நடந்ததை மூன்றாமாண்டில்தான் சொல்ல வாய் வருகிறது என்பது மாணவிகளிடையே மிக இயல்பானது. அவளுக்குப் புகார்க் குழு மூடிய கதவு. கடைசிப் படி என்று எல்லோரும் நினைக்கும் காவல் நிலையமோ அப்போதும் திறந்திருக்கும்: பாலியல் வன்கொடுமை போன்ற கடுங்குற்றங்களுக்குச் சட்டத்தில் காலவரம்பு இல்லை.

குழுவில் சமரசம் என்ற ஒரு பிரிவும் இருக்கிறது. புகார்தாரர் தாமே கேட்டால் மட்டும், பணம் பேசாமல், சமரசம் செய்யலாம் என்பது விதி. விரசமான பேச்சுக்கு அது பொருந்தலாம். உடல்மீதான வன்முறைக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வன்கொடுமை வழக்கில் சமரசத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. “பையனோட எதிர்காலம்” என்று ஒருவர் ஆரம்பித்தால், அந்த அறையில் பெண்ணின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச யாரும் இல்லை என்று பொருள்.

மூன்றாவது வழியான காவல் நிலையத்தின் சட்ட முகம் முன்பைவிட மேம்பட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, எந்தக் காவல் நிலையத்திலும், எல்லை பாராமல் புகார் தரலாம். மின்னணு வழியிலும் அனுப்பி மூன்று நாட்களுக்குள் கையெழுத்திடலாம். பெண் அதிகாரியே வாக்குமூலம் பதிய வேண்டும், வன்கொடுமை வழக்கில் அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ பதியலாம், இரண்டு மாதத்தில் புலன்விசாரணை முடிய வேண்டும், நீதிமன்ற விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். கவனிக்க வேண்டியது அந்த முதல் தாள்தான். தமிழ்நாட்டில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டுமே. அதனால் புலன்விசாரணை தொடங்குவதில்லை. கையில் வாங்கிய தாளில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பாலியல் வன்முறைக் குற்றங்களில் வழக்குப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

இந்த வழியின் இரு பக்கத்தையும் ஒரே வழக்கில் பார்த்துவிட்டோம். 2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வெளியாள் ஒருவரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். புகார் கொடுத்த சில நாட்களிலேயே, ரகசியமாக இருந்திருக்க வேண்டிய எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடிந்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. 2025 மே 28 அன்று மகளிர் நீதிமன்றம் அந்த வெளியாளைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பின்றி அனுபவிக்கும்படி ஆயுள் தண்டனை ஜூன் 2இல் விதிக்கப்பட்டது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பு என்பது மாநிலமே கவனித்த வழக்கின் வேகம். சாதாரண வழக்கில் அதை எதிர்பார்க்கச் சொல்லிப் புகாருக்கு ஊக்குவிப்பது நேர்மையாகாது. புகார் பதிவான பிறகு வழக்கு அரசுடையதாகிவிடுகிறது, வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்தாலும் அது நின்றுவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியிருந்தும் சில சூழல்களில் காவல் துறையே முதல் வழி என்பதில் எனக்குத் தயக்கமில்லை. குற்றவாளி வெளியாள் என்றால் கல்லூரியால் அவன்மீது நடவடிக்கை எடுக்க இயலாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறான் என்றால் அவன் கைபேசியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் குழுவுக்குக் கிடையாது. காவல் துறைக்கு மட்டுமே உண்டு, அதுவும் அவன் அழிப்பதற்குள் போனால்தான் பயன். பலர் சேர்ந்து செய்த குற்றமும் இதில் அடங்கும்.

ஆண் மாணவருக்கும் திருநர் மாணவருக்கும் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் வன்கொடுமைக்கான 63ஆம் பிரிவு பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கொள்கிறது. ஆண்கள்மீதான பாலியல் வன்முறைக்கும் பயன்பட்ட, பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு நிகரான ஒன்று அதில் இல்லை. திருநருக்கு எதிரான பாலியல் வன்முறைக்கு 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். ஆனால் மானியக் குழுவின் விதிமுறைகள் ஆண் மாணவரையும் மூன்றாம் பாலினத்தவரையும் பாதிக்கப்படக்கூடியவர்களாக வெளிப்படையாகச் சொல்கின்றன. அவர்களுக்குப் புகார்க் குழுவே பெரும்பாலும் வலுவான வழி.

நான்காவதாக, இப்போதைக்கு எங்கும் புகார் செய்யாமல் சிகிச்சையும் மனநல ஆலோசனையும் மட்டும் பெறுவது. இதைக் கோழைத்தனம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2015இல் தொடங்கிய சகி ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. 181 என்ற எண்ணில் அழைக்கலாம். மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. புகார் வேண்டாம் என்று சொல்பவளின் உண்மையான அச்சம் பல வேளைகளில் குற்றவாளியைப் பற்றியதாக இருப்பதில்லை; வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்பதாக இருக்கிறது. வயது வந்த மாணவியின் பெற்றோருக்கு அவள் சம்மதமின்றித் தொலைபேசியைச் சுழற்றும் கல்லூரி, அடுத்து வரவிருந்த பத்துப் புகார்களுக்கு வாயடைத்துவிடுகிறது.

புகார் செய்யாமல் இருக்கும் காலத்திலும் கதவுகளைத் திறந்து வைக்கச் சில வேலைகளைச் செய்யலாம். குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது, நாள், நேரம், இடம், யாரிடம் முதலில் சொன்னாள் என்பதைத் தன் கைப்பட எழுதி வைத்துக்கொள்வது, மூன்று மாதம் முடியும் நாளை நாட்காட்டியில் வட்டமிடுவது ஆகியவை அவள் பங்கு. கண்காணிப்புக் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக மேலெழுதப்பட்டுவிடும் என்பதால், குறிப்பிட்ட நாளின் பதிவைப் பத்திரப்படுத்தும்படி அவள் பெயரைச் சொல்லாமலே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுப்பது ஆசிரியரின் பங்கு. கடிதத்துக்கு ஒப்புகைக் கையெழுத்து வாங்க மறக்கக் கூடாது.

ஆக, என் வரிசை இது: 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை, மிரட்டலோ வெளியாளோ கூட்டுக் குற்றமோ இருந்தால் அதோடு சேர்த்தே காவல் நிலையம், மற்றபடி, இடைக்கால நிவாரணத்துக்காகவாவது மூன்று மாதத்துக்குள் புகார்க் குழு, காவல் புகார் அவள் சொல்லும் நாளில். குழுவும் வழக்கும் ஒன்றையொன்று தடுப்பதில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

அன்றிரவு அந்த அறைத்தோழியிடம், வாளியில் இருக்கும் துணியைப் பிழியாமல் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, காய்ந்ததும் செய்தித்தாளில் சுற்றச் சொன்னேன். விடிந்ததும் மூவருமாக மருத்துவமனைக்குப் போனோம். காவல் புகார் வேண்டாம் என்று அவள் எழுதிக் கையெழுத்திட்டாள். மருத்துவர் அதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, மாதிரிகளை எடுத்துச் சீலிட்டார், மாத்திரைகளை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இருமுறை விளக்கினார். பதினோராவது வாரத்தில், தமிழில் நான்கு பக்கங்கள் எழுதிக்கொண்டு, குழுத் தலைவரின் அறை எங்கே இருக்கிறது என்று கேட்டு அவளே வந்தாள்.